மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும்: கடலூர் மருந்துக்கடையில் பயிற்சி தொடங்குபவர்களுக்கு

கம்பவுண்டர் காலத்து மருந்து பாட்டிலைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு எழுதுவார். பக்கத்து அறையில் கம்பவுண்டர் நாலைந்து ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்து, குலுக்கிக் கொடுப்பார். பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோவதும் உண்டு. அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். காகிதத்தை மடித்து ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தால் ரம்பப் பல் போல வரும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தப் பல்லைப் பார்த்துச் சரியான அளவைக் குடித்தார்.

கலக்கும் வேலை கம்பெனிக்குப் போய்விட்டது. காகிதப் பட்டை செய்த வேலை கவுன்ட்டரிலேயே தங்கிவிட்டது. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவதுதான் அது. டி.ஃபார்ம். (பார்மசி டிப்ளமோ) மாணவர்களின் 500 மணி நேரப் பயிற்சியில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டுப்படி மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் கல்வி விதிகள். பெட்டி இறக்குவதிலும் பில் போடுவதிலும் அந்த நேரம் கரைந்துவிட விடாதீர்கள். பார்மசிஸ்ட் பக்கத்தில் நிற்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

வேலை வளர்ந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விதிகள் மனதில் நிற்கும். காய்ச்சலுக்குச் சிங்கோனா மரப்பட்டையைப் பொடித்துக் கொடுத்த நாளில் ஒரு பட்டையின் வீரியம் இன்னொன்றுக்கு இருக்காது. 1820-இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மருந்தை எடை போட்டு, ஒரே அளவில் கொடுக்க முடிந்தது. அடுத்த 3 ஆண்டில், 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். பிரிட்டிஷ் இந்தியாவில் போலி மருந்தும் பயிற்சி இல்லாத கைகளும் பெருகியதால் அதை விசாரிக்க 1930-இல் சோப்ரா குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1940-இல் மருந்துச் சட்டமும் 1948-இல் பார்மசி சட்டமும் வந்தன. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டோ, அவர் நேரடி மேற்பார்வையில் இருப்பவரோதான் என்பது அப்போது உறுதியானது. பிரிட்டனில் ஃபார்மசி டெக்னீஷியன் என்பது தனிப் பதவி. 2011 ஜூலை முதல் அவர்களுக்கும் பதிவு கட்டாயம். நம் சட்டத்தில் அப்படி ஒரு படி இல்லை. ஆகவே பயிற்சியில் இருப்பவர் ரேக்கிலிருந்து எடுக்கலாம், எண்ணலாம், கவரில் எழுதலாம். கைமாறுவதற்கு முன் பார்மசிஸ்ட் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீட்டைப் படிப்பது

மருந்துப் பெயருக்குப் பாயாதீர்கள். முதலில் நோயாளியின் பெயர், வயது, தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண். வயதைப் பார்க்காமல் மருந்தைப் படித்தால் 6 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் மாத்திரை போய்விடும். பிறகு மருந்து, வீரியம், எத்தனை வேளை, எத்தனை நாள். நான்கில் ஒன்று விளங்காவிட்டாலும் ஊகிக்க வேண்டாம். டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தூக்கத்துக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலினும் மூச்சுத்திணறலுக்கான அமினோஃபிலினும் கிறுக்கலில் ஒன்றுபோலத் தெரியும். "ஐயா, டாக்டர் என்ன பிரச்சினைக்குன்னு சொன்னாரு?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். தூக்கத்துக்கு என்று சொல்பவரின் சீட்டில் மூச்சுத்திணறல் மருந்து இருக்காது.

ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. இரண்டு, டி.டி.எஸ். மூன்று, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால். கண் மருத்துவச் சீட்டில் மட்டும் ஓ.டி. வலது கண்ணையும் குறிக்கலாம். ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் என்பதால் சொட்டு மருந்து கொடுக்கும்போது எந்தக் கண், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று இரண்டையும் தனித்தனியாக உறுதி செய்யுங்கள்.

எச், எச்1 பட்டியல் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடியவை) பதிலாக வேறொன்றைக் கடையே முடிவு செய்து கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை; அதே உப்பு (மூலமருந்து), வேறு கம்பெனி என்றாலும் டாக்டரைக் கேட்க வேண்டும். எச்1 என்பது ஆன்டிபயாட்டிக்குகள் கண்டபடி விற்றுப் பலனிழந்து வந்ததால் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல். பல ஆன்டிபயாட்டிக்குகளும், காசநோய் மருந்துகளும், அல்பிரசோலம், டிரமடால் போன்றவையும் அதில் உள்ளன. டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கொடுத்த கையோடு எழுதுங்கள். இரவு கடை அடைக்கும்போது எழுதலாம் என்று விட்டால் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும். சீட்டில் கடை முத்திரையும் தேதியும் வைப்பதும் அதே நிமிடத்து வேலை. முத்திரை இல்லாத சீட்டை அடுத்த தெருவில் நீட்டி இன்னொரு முறை வாங்கலாம்.

எடுப்பதும் எண்ணுவதும்

ரேக்கிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, வெட்டும்போது ஒருமுறை, கவரில் போடும்போது ஒருமுறை என மூன்று தடவை அட்டையின் பெயரையும் வீரியத்தையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே கம்பெனியின் 2.5 மி.கிராமும் 5 மி.கிராமும் ஒரே நிறத்தில் வரும்.

அட்டையை வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான முனை எது என்று முதலில் பார்த்து, எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். கடைசி மாத்திரை வரை தேதி கடையில் நிற்கும். வாங்குபவரின் துண்டில் தேதி இருக்காது என்பதால் அதைக் கவரிலும் பில்லிலும் எழுதுங்கள்.

தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின் பாட்டிலைப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுக்கக் கூடாது; வெளிச்சமும் ஈரமும் அதைக் கெடுக்கும், கடலோர ஊரில் சீக்கிரமே. அதன் அளவு மைக்ரோகிராமில் வரும், மி.கிராம் அல்ல. காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் கொடுப்பார்கள். தினம் போட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். "வாரம் ஒன்று" என்று எழுதினால் போதாது. "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று கிழமையையே எழுதி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

குழந்தைகளின் மருந்து

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மி.கிராம் என்று கணக்கிடுவது வழக்கம். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கிராம். 5 மில்லிக்கு 125 மி.கிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி, 250 மி.கிராம் உள்ளதில் 3 மில்லி. மில்லிக்கு 100 மி.கிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.5 மில்லி. வீட்டில் சிரப் பழகிய அம்மா சொட்டு மருந்தையும் 6 மில்லி ஊற்றினால் 600 மி.கிராம், நான்கு மடங்கு. இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, "அம்மா, இந்தக் கோடு வரைக்கும்தான்" என்று காட்டுங்கள். கம்பவுண்டரின் ரம்பப் பல் செய்த வேலையை இந்தக் கோடு செய்யும்.

பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பை எப்படிக் கலப்பது என்று வாங்குபவரிடம் செய்து காட்டலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்குமுன் பாட்டிலைக் கையில் தட்டிப் பொடியை உதிர்த்து, குறியீட்டுக்குப் பாதி வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் குறியீடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் கட்டி பிடித்து முதல் வேளைகள் நீர்த்தும் கடைசி வேளைகள் கடுத்தும் போகும். நுரையோடு அளந்தால் தண்ணீர் குறையும். கலந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். 7 நாளுக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இருமல் சிரப்பைச் சீட்டில்லாமல் கேட்பார்கள். 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்த சல்ஃபா மருந்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதே நஞ்சு 1972-இல் சென்னையிலும் 1986-இல் மும்பையிலும் 2025-இல் மத்தியப் பிரதேசத்திலும் உயிர்களை எடுத்தது. பேட்ச் எண் இல்லாமல் விற்ற கடைக்குத் திரும்பப் பெறும் உத்தரவு வந்தாலும் யாரைத் தேடுவது என்று தெரியாது. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துக் கலவையைத் தரக் கூடாது. இருமல் சிரப் குடித்த குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் உடனே ஜி.எச்.சுக்கு அனுப்புங்கள்.

இன்சுலினும் புயலும்

குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் வெறும் 8. சிரிஞ்ச் மட்டும் கேட்டு வருபவரிடம் "வீட்டுல எந்த மருந்து இருக்கு?" என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி. உள்ளே தெர்மாமீட்டர் வைத்து காலையும் மாலையும் எழுதுங்கள். உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்த இன்சுலின் உறைந்துபோகும். உறைந்தது உருகினாலும் பயன்படாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். புயல் எச்சரிக்கை வந்ததும் ஐஸ் பேக்கை உறைய வையுங்கள். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். இன்சுலினைத் துணியில் சுற்றித்தான் ஐஸ் பேக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். நேராகப் பட்டால் உறையும். வீட்டில் வைத்திருப்பவருக்கு மண்பானை வழி சொல்லுங்கள். ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் பாலிதீன் உறையில் குப்பி, மேலே ஈரத்துணி.

கொடுக்கும் நிமிடம்

கடலூரில் பலர் ஜி.எச்.சிலும் தனியார் டாக்டரிடமும் பார்க்கிறார்கள். ஜி.எச். மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று இரத்த அழுத்த மருந்தின் உப்புப் பெயர் இருக்கும். தனியார் சீட்டில் அதே உப்பு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு கால் வீங்கி வருவார். "வீட்டுல வேற என்ன மாத்திரை போடுறீங்க? நாட்டு மருந்து ஏதாவது?" என்று கேளுங்கள், அடுத்த முறை பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

கவரில் காலை, மதியம், இரவு என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு முழுச் சூரியன், பாதிச் சூரியன், நிலா வரையலாம். பிறகு, "எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

தவறு நடந்தது பின்னால் தெரிந்தால் மறைக்க வேண்டாம். பில்லில் வாங்கியவரின் போன் எண் இருந்தால் அந்த நிமிடமே அழைத்து, "அந்த மாத்திரையைப் போடாதீங்க, நாங்களே வந்து மாத்தித் தர்றோம்" என்று சொல்லுங்கள். போட்டுவிட்டார் என்றால் எத்தனை, எப்போது என்று கேட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். எந்த ரேக், எந்த நேரம், எதை எதற்குப் பதில் எடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த இரண்டு பெட்டிகளையும் அன்றே வெவ்வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.