மழைநீர் வடிகாலும் சாக்கடையும் ஒன்றல்ல

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கடப்பாரையை எடுத்துவந்து, நடுத்தெருவில் இருந்த வட்ட மூடியை நெம்பித் திறந்துவிட்டார். தண்ணீர் வடியவில்லை. சிறிது நேரத்தில் தரைத்தள வீடுகளின் கழிப்பறைகளில் கழிவுநீர் எதிர்த்து ஏறியது. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். அந்த மூடி எதற்கானது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சென்னைத் தெருக்களுக்கு அடியில் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. நடுத்தெருவில் வட்ட மூடியோடு இருப்பது பெரும்பாலும் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. வீட்டுக் கழிவுநீர் அதன் வழியாகத்தான் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. தெருவோரத்தில் கான்கிரீட் பெட்டியாக ஓடுவது மாநகராட்சியின் மழைநீர் வடிகால். அது கால்வாய்கள் வழியாகவோ நேரடியாகவோ கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் போய்ச் சேருகிறது. இடையில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது.

வீட்டுக் கழிவுநீரைக் கணக்கிட்டுப் போட்ட குழாயில் தெருவெள்ளத்தை விட்டால் அது பொங்கத்தான் செய்யும். தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் குழியோ, நடந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு அவசரமானாலும் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறு இதைவிடக் கொடியது. செலவை மிச்சம் பிடிக்க, கழிப்பறைக் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். அந்தக் கழிவு அப்படியே ஆற்றுக்குப் போகிறது. மழைநீர் வடிகால்தானே என்று நம்பித் தூர்வார இறங்கும் தொழிலாளி விஷவாயுவில் சிக்கக்கூடும். சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நம் வீட்டுக் குழாய் அந்த ஆபத்தை மழைநீர் வடிகாலுக்கும் கொண்டுவந்துவிடுகிறது. வீடு கட்டும்போதோ வாங்கும்போதோ, கழிவுநீர் இணைப்பு எங்கே போகிறது என்று நேரில் நின்று பாருங்கள்.

சாலையோரத்து இரும்புச் சல்லடையை ஒருமுறை குனிந்து பாருங்கள். அதற்கடியில் ஒரு சிறு தொட்டி இருக்கும். வண்டல் அதில் தங்க, தண்ணீர் மட்டும் வடிகாலுக்குப் போக வேண்டும். எங்கள் தெருமுனைத் தொட்டியைத் திறந்தபோது பால் கவர், தேங்காய் நார், வேப்பஞ்சருகு, இவற்றோடு சிமெண்டுப் பாலில் இறுகிப்போன மணலும் இருந்தது. நார் கைக்கு வந்தது. மணலை உளியால்தான் உடைக்க முடிந்தது. கட்டுமான மணலைச் சாலையில் கொட்டிவைப்பதும், வாசல் பெருக்கிய சருகைச் சல்லடைக்குள் தள்ளுவதும், கார் ஏற்றச் சாய்தளம் கட்டி அந்த வாயையே மூடிவிடுவதும் கடைசியில் நம் வாசலில்தான் தண்ணீரை நிறுத்தும்.

புதுச் சாலை போடுகிறார்கள் என்றதும் மகிழ்ந்து சும்மா இருந்துவிடுவதும் தவறு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிடும். சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். தார் வண்டி வருவதற்கு முன்பே கேளுங்கள். வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தெருவிளக்கு எரியாவிட்டால் பலரும் மின்வாரியத்தைக் கூப்பிடுகிறார்கள். சென்னையில் தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு 1913-ஐ அழையுங்கள். மழைநீர் வடிகால் அடைப்புக்கும் அதே எண்தான். மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, மின்பகிர்வுப் பெட்டி தண்ணீரில் மூழ்கினாலோ, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அருகில் போகாமல் தள்ளி நின்று அழையுங்கள்.

புகாரை ஐப்பசி வரை தள்ளிப்போடாதீர்கள். ஆவணியில் ஒரு சிறு மழை பெய்யும்போதே குடையோடு தெருவில் நடந்து, எந்தச் சல்லடையில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதோ அதைப் படமெடுத்து மாநகராட்சிக்கு அனுப்பிவிடுங்கள். புகார் எண்ணையும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.