அம்பாசடர் முன் பெஞ்ச் சீட்டுக்கு நாமே ரெக்சின் தைப்பது எப்படி

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. சீட் கிழிந்தால் இன்று கடையில் சுலபமாகக் கிடைப்பது மேலே மாட்டுகிற ரெடிமேட் உறைதான். அதை மாட்டினால் பழைய பெஞ்ச் சீட்டில் வரிவரியாகப் புடைத்து நிற்கும் பட்டைத் தையல் அழகு மறைந்துவிடும். அந்தப் பட்டையோடு தைக்க வேண்டுமென்றால் ஒரு நேர்த்தையல் மிஷினும் இரண்டு வாரக் கடைசிகளும் போதும்.

சீட்டை வண்டியிலிருந்து இறக்குவது ஸ்பேனர் பிடித்தவர்களுக்குப் புதிதல்ல. போல்ட் துரு ஏறியிருந்தால் முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள்.

வாங்க வேண்டியவை

முன் சீட்டின் அடி, முதுகு இரண்டுக்கும் சேர்த்து 54 இஞ்ச் பன்னா (அகலம்) ரெக்சின் மூன்றரை மீட்டர். மூன்றே போதும்தான், ஆனால் முதல் தடவை ஒரு துண்டாவது வீணாகும். பட்டைக்கு அடியில் வைக்க 10 மி.மீ. ஃபோம் ஷீட், அதன் அடியில் காடாத்துணி. இருக்கைக்கு 40 டென்சிட்டி ஃபோம். பைப்பிங்குக்கு, அதாவது தையல் ஓரத்தில் உருண்டு நிற்கும் விளிம்புக்கு, 4 மி.மீ. கயிறு. நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல், 18-ஆம் நம்பர் ஊசி நாலைந்து, ஒட்டுவதற்கு எஸ்.ஆர். பசை (செயற்கை ரப்பர் பசை). சென்னைக்காரர்களுக்கு வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் சோபா குஷன் கடையில் கேளுங்கள்.

ரெக்சினின் பின்பக்கம் பின்னல்துணி ஒட்டியதாகப் பாருங்கள். அதுதான் மூலையில் இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். விறைப்பான துணி ஒட்டியது விலை குறைவு. சோபாவுக்குச் சரி, வளைவுள்ள சீட்டுக்கு வேண்டாம்.

பிரிப்பது

பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள், அதுதான் உங்கள் பேட்டர்ன். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இடது, வலது, முன், பின் என்று எழுதுங்கள். தையலைப் பிரிக்கும் முன்பே, சேரும் இரண்டு துண்டுகளின் மேலும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு குறுக்கே போட்டுவிடுங்கள். புதுத்துண்டு வெட்டும்போது அந்தக் கோடுகளையும் மாற்றிக்கொண்டால், தைக்கையில் ஒரு பக்கம் நழுவிப் போனாலும் உடனே தெரியும்.

உறையின் ஓரத்து மடிப்புக்குள் ஒரு கம்பி ஓடும். உறையை ஃபிரேமோடு பிணைக்கும் உலோக வளையமான ஹாக் ரிங்கின் இழுப்பைத் தாங்குவது அதுதான். பலரும் இதைக் குப்பையோடு போட்டுவிடுகிறார்கள். உருவி எடுத்து வையுங்கள்.

ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடியுங்கள். காய்ந்த பின் அதன் மேல் கெட்டியான சணல் சாக்கை இழுத்துக் கட்ட வேண்டும். சாக்கு இல்லாமல் நேராக ஃபோம் வைத்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்பிரிங் ஃபோமை அறுக்கும். கொஞ்ச நாளில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் தூள் கொட்டும்.

பட்டை: கணக்கு தப்பும் இடம்

முதல் முறை தைப்பவர்களின் உறை சீட்டில் ஏறாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஃபோமோடு சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு கோடும் ரெக்சினைக் கீழே அமுக்கி, அகலத்தில் கொஞ்சம் தின்றுவிடும். எவ்வளவு என்பது ஃபோமின் தடிப்பையும் மிஷினின் நூல் இறுக்கத்தையும் பொறுத்தது. ஆகவே சோதனைத் துண்டு போடாமல் கத்தரியைத் தொடாதீர்கள்.

30 செ.மீ. ரெக்சின், அடியில் ஃபோம், அதன் அடியில் காடா. 5 செ.மீ. இடைவெளியில் ஐந்து கோடு தைத்துவிட்டு அளந்து பாருங்கள். 28.5 செ.மீ. வந்தால் கோட்டுக்கு 3 மி.மீ. போயிருக்கிறது. இப்போது தைத்து முடித்த அகலம் 105 செ.மீ. வேண்டும், பட்டை 5 செ.மீ. என்றால் 21 பட்டை, நடுவில் 20 கோடு. 20 × 3 மி.மீ. = 6 செ.மீ. இரண்டு ஓரத் தையலுக்கு 2.5. மொத்தம் 113.5, 114 ஆக வெட்டுங்கள். கோடுகளையும் 5-க்குப் பதிலாக 5.3 செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உறை 6 செ.மீ. குறையும், எவ்வளவு இழுத்தாலும் வராது.

தைப்பதை நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். போய் வந்து தைத்தால் பட்டை கோணும். காடாவைத் தவிர்க்கவும் வேண்டாம், மிஷினின் பல் வெறும் ஃபோமைக் கவ்விக் கிழிக்கும். தையல் இஞ்சுக்கு ஆறு. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைக்காதீர்கள், தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி அங்கேயே கிழியும்.

மிஷின் விஷயத்தில் என் கட்சி பழைய கறுப்புத் தையல் மிஷின்தான். புதிய பிளாஸ்டிக் மிஷின்கள் நாலு மடிப்பு வந்ததும் திணறும். பைப்பிங் சேரும் மூலையில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரெக்சின் மேல் ஃபுட் (துணியை அமுக்கிப் பிடிக்கும் மிஷினின் பாதம்) ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் டால்கம் பவுடர் தொட்டுத் தேய்த்தால் போதும்.

பைப்பிங் துண்டு 4 செ.மீ. அகலம், ரெக்சின் அதிகம் இழுபடும் திசையில் வெட்டியது. ஒற்றைக்கால் ஃபுட் மாட்டி, கயிற்றை ஒட்டித் தையுங்கள். மூலை திரும்பும் இடத்தில் ஓரத்தை மட்டும் மூன்று நாலு இடத்தில் நறுக்கிவிட்டால் வளையும்.

மாட்டுவது

ஃபோமை ஃபிரேமைவிட ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் கூடுதலாக வெட்டுங்கள். அந்த அரை இஞ்ச்தான் உறையை உள்ளிருந்து தள்ளி விறைப்பாக வைக்கும். பழைய உயரத்தை மட்டும் தாண்டாதீர்கள். சொகுசுக்கென்று நாலு இஞ்ச் போட்டவர்கள் தொடை ஸ்டியரிங்கில் இடிக்க ஓட்டுகிறார்கள்.

உறையை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளக விடுங்கள். ஃபோமின் மேல் மெல்லிய பாலிதீன் விரித்தால் உறை வழுக்கி இறங்கும். உறை சரியாக உட்கார்ந்ததும் பாலிதீனை உருவிவிடுங்கள். முன்பக்க நடுவில் ஒரு ரிங், பின்பக்க நடுவில் ஒரு ரிங், பிறகு மாற்றி மாற்றி மூலையை நோக்கி. ஒரு மூலையில் தொடங்கினால் மடிப்பெல்லாம் எதிர் மூலையில் வந்து சேரும். முதலில் ஹாக் ரிங் போடாமல் கேபிள் டை போட்டு இழுங்கள். கோணலாகத் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி இழுக்கலாம். எல்லாம் சரியான பிறகு ரிங்.

பிறகு சேர்த்தது: மூலையில் சுருக்கம் வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக இருந்தால் ஃபோம் போதவில்லை. உறையைக் கழற்றாமலே ஓரத்தில் அரை இஞ்ச் துண்டு திணிக்கலாம். உள்ளே நிறைந்திருந்தும் சுருங்கினால் ஹேர் டிரையர் காட்டி, சூடு இருக்கும்போதே இழுத்து ரிங்கை மாற்றிப் போடுங்கள். ஹீட் கன்னை இதற்கு எடுக்காதீர்கள், ரெக்சின் பளபளவென்று மினுங்கும், அந்த மினுக்கு போகாது.