இயங்குதளம் மாற்றிப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவும் இதில் தேறவில்லை. அதனால், இயங்குதளம் என்று ஒன்று இருப்பதையே அதுவரை யோசிக்காதவர்கள்கூட "லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா, மேக் வாங்கிவிடலாமா" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மாற்றிப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் "நமக்கு ஒத்துவராது" என்று திரும்பி வந்த பலரிடம் விசாரித்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சோதித்துப் பார்த்த விதத்திலேயே கோளாறு இருந்தது.

முதல் கோளாறு, "எது சிறந்தது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது. அதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், எதுவும் உங்களுக்கு உதவாது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் கணினியில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த மென்பொருள், எந்தக் கோப்பு, எந்த பிரிண்டர், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது வரை. முக்கால்வாசி வேலை பிரவுசரிலேயே நடக்கிறது என்றால் எந்த இயங்குதளமும் உங்களுக்குச் சரிதான். போட்டோஷாப்போ ஆட்டோகேடோ இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால், அவை விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் வருகின்றன, லினக்ஸுக்கு இல்லை. விளையாட்டுகளில் நிலைமை கலவையானது. வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸுக்கென எழுதிய ஏராளமான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் வாலரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக ஓடுவதில்லை. அந்தத் தாளைப் பார்த்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இனி நான் செய்த தவறு. லினக்ஸ் நிறுவும்போது "முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவு" என்று ஒரு வாய்ப்பு வரும். விண்டோஸ் இருப்பது சி டிரைவில், படங்களெல்லாம் டி டிரைவில், ஆகவே டிஸ்க் அழிந்தாலும் டி தப்பிவிடும் என்று நினைத்தேன். சியும் டியும் இரண்டு டிஸ்க் அல்ல, ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு பாகங்கள் என்பது அழிந்த பிறகுதான் புரிந்தது. பத்து வருடக் குடும்பப் படங்கள் போயின. இன்னமும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: முக்கியமான எல்லாவற்றையும் கணினிக்கு வெளியே ஒரு ஹார்ட்டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்ததோடு விடாமல், அந்த ஹார்ட்டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். நிறுவும் நேரத்தில் அதைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் புது இயங்குதளத்துக்கென்று தனியாக ஒரு எஸ்எஸ்டி போட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் போடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அது நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கையில் அது இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. எண்ணை முதலிலேயே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். இன்னொன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. "லினக்ஸில் கோப்பு சேமிக்க முடியவில்லை" என்ற புகார் பலவற்றுக்கு இதுவே காரணம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம், மாறி மாறிப் பயன்படுத்தும்போது கடிகாரம் தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். கணினியின் உள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அருமையான வசதி, ஆனால் பலர் அதில் தப்பான விஷயத்தைச் சோதிக்கிறார்கள். திரை அழகாக இருக்கிறதா, வேகமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பென்டிரைவிலிருந்து ஓடும் எதுவும் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடக் கூடாது. பார்க்க வேண்டியவை வேறு: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடி வைத்துத் திறந்தால் மடிக்கணினி விழிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா. பிராட்காம் வைஃபை சில்லு உள்ள கணினிகளில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் தலைவலி குறையும். ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்ப்பது மென்பொருள்களைப் பழகத்தான் உதவும். அங்கே தெரிவது கற்பனையான வன்பொருள் என்பதால், உங்கள் வைஃபை சரிவருமா என்பதை அது சொல்லாது.

மேக்கை இப்படிச் சோதிக்க வழியில்லை. அதன் இயங்குதளத்தை ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓட்ட உரிமம் உண்டு. 2020-இல் எம்1 சில்லு வந்த பிறகு, மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட்கேம்ப் வசதியும் அந்தப் புதிய கணினிகளில் இல்லை. தெரிந்தவரின் மேக்கை இரண்டு நாள் இரவல் வாங்கி உங்கள் வேலையை அதில் செய்து பார்க்காமல் காசைக் கொட்டாதீர்கள்.

லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குவது மட்டும் போதாது, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணையும் ஒப்பிட வேண்டும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். செக்சம் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தமிழில் எழுதுகிறவர்கள் கடைசிவரை சோதிக்காமல் விட்டுவிடுவது தட்டச்சைத்தான். விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்ததோடு நிறுத்தாமல், பிரவுசரில், லிப்ரே ஆபிஸில், நீங்கள் அரட்டையடிக்கும் செயலியில் என்று எல்லாவற்றிலும் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். பாமினி போன்ற யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பழைய கோப்புகள் வைத்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை நிறுவினால் திரும்பப் படிக்கலாம், யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லையே இருக்காது.

நிறுவிய பிறகு வருவது, வாரம் ஒரு லினக்ஸ் வகைக்கு மாறும் பழக்கம். உபுண்டு போட்டு, பிடிக்காமல் மின்ட் போட்டு, அப்புறம் ஃபெடோரா என்று தாவுகிறார்கள். டெபியனிலிருந்து உபுண்டு வந்தது, உபுண்டுவின் மேல்தான் மின்டின் முதன்மைப் பதிப்பு நிற்கிறது. பல சமயம் நமக்குப் பிடிக்காமல் போவது இயங்குதளம்கூட இல்லை, திரையில் தெரியும் அதன் முகப்பு. உபுண்டுவில் இயல்பாக வருவது க்னோம், மின்டில் சின்னமன். விண்டோஸ் பழக்கம் உள்ளவர்களுக்குச் சின்னமனோ கேடிஈயோ சீக்கிரம் கைவரும். முகப்பை மட்டும் மாற்ற முடியும்போது மொத்தத்தையும் அழித்து நிறுவுவது வீண் வேலை. அதைவிட முக்கியம் ஆதரவுக் காலம். உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டு, ஃபெடோரா பதிப்பு ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம். ஆர்ச் என்ற லினக்ஸ் வகை தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பது. முதல்முறை வருகிறவர் ஆர்ச்சில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பழைய பழக்கத்தில் இணையத்தில் தேடிக் கண்ட இடத்திலிருந்து மென்பொருளை இறக்காதீர்கள். லினக்ஸில் அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுப்பதுதான் முறை, புதுப்பிப்பும் அதன் வழியாகவே வரும். சூடோ என்று தொடங்கும் கட்டளை கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் கொண்டது. என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டி ஓட்டக் கூடாது.

ஒரு மாதமாவது கொடுங்கள். பழைய இயங்குதளத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, எப்போதெல்லாம் அதற்குத் திரும்பினீர்கள், எதற்காகத் திரும்பினீர்கள் என்று அதே தாளில் எழுதி வாருங்கள். ஒரே ஒரு மென்பொருளுக்காக என்றால் அதை மெய்நிகர் கணினியில் ஓட வைக்க முடியுமா பாருங்கள். அன்றாடம் நான்கு முறை திரும்பியிருந்தால், பழையதிலேயே இருந்துவிடுங்கள், அதில் வருத்தப்பட எதுவுமில்லை. தாளில் கடைசிப் பத்து நாளுக்கு ஒரு வரிகூட இல்லையென்றால், பழையதன் பாகத்தை அழித்து அந்த இடத்தையும் புதியதற்கே கொடுத்துவிடலாம்.