வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டர்: மோட்டார் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஎன்சி ரவுட்டர் என்பது கணினி சொல்லும் பாதையில் பலகையை வெட்டும் மெஷின். அதை நகர்த்துவது, ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. கண்ட்ரோலர் பல்ஸ்களை அனுப்பும், மோட்டார் அத்தனையும் திரும்பியிருக்கும் என்று நம்பிக்கொள்ளும். நடுவில் சில ஸ்டெப்கள் தவறினால் திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. பலகையில் கோடு விலகிய பிறகுதான் தெரியும். உடனே ஸ்க்ரூவையும் பேரிங்கையும் கழற்றுகிறார்கள். தயவுசெய்து முதலில் மோட்டாருக்குக் கரண்ட் தரும் சின்ன போர்டான டிரைவரைப் பாருங்கள்.

ஆர்டுயினோ ஊனோ கண்ட்ரோலர் போர்டு, அதன்மேல் டிரைவர்களைச் சொருகும் சிஎன்சி ஷீல்டு, ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் என்ற பரவலான அமைப்பை வைத்தே சொல்கிறேன்.

அதிகம் நடக்கும் தவறு கரண்டில்தான். ஏ4988 டிரைவரில் சின்னத் திருகைத் திருப்பி, கரண்டின் வரம்பைத் தீர்மானிக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜை அமைக்கிறோம். யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைக்காதீர்கள். கரண்டை 8-ஆலும், போர்டில் கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் அளவாலும் பெருக்கினால் வருவதே அந்த வோல்டேஜ். 1.2 ஆம்பியர் வேண்டுமென்றால், ஆர்100 (0.1 ஓம்) என்று அச்சிட்ட ரெசிஸ்டருக்கு 0.96 வோல்ட், ஆர்050-க்கு (0.05 ஓம்) 0.48 வோல்ட்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் போர்டுகளில் இது மாறும், அதனால் லென்ஸ் வைத்தாவது படியுங்கள். ஆர்050 போர்டில் 0.96 வைத்தால் இரு மடங்கு கரண்ட் கேட்பீர்கள். டிரைவர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும். இடையில் போன ஸ்டெப்கள் போனவைதான். டிஆர்வி8825-க்குக் கணக்கு வேறு: ஆம்பியரில் பாதி, அதாவது 0.6 வோல்ட். இதன் திருகு ஏ4988-இல் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும். எனவே திருகைப் பார்த்துச் சொருகாமல் எனேபிள் பின்னைப் பார்த்துச் சொருகுங்கள். தலைகீழாகப் போட்டால் பவர் கொடுத்ததும் போய்விடும். அப்புறம், பவர் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கவே கூடாது. அந்த ஒரு நொடியில் எழும் வோல்டேஜே டிரைவரைக் கொன்றுவிடும்.

அடுத்தது மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்ற கணக்கு. பரவலாகக் கிடைக்கும் டி8 ஸ்க்ரூவில் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 2 மி.மீ. இருக்கும். ஆனால் அதில் நான்கு புரிகள் சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு நட் நகர்வது 8 மி.மீ. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் என்றால் 3200-ஐ 8-ஆல் வகுத்து 400 என்று போட வேண்டும். 2-ஆல் வகுத்து 1600 போட்டால் மெஷின் நான்கு மடங்கு அதிகம் ஓடும். புரியை எண்ணி மனக்கணக்குப் போடுவதைவிட, ஒரு சுற்று சுற்றி ஸ்கேலால் அளப்பதே நல்லது.

வேகத்தில் பேராசை வேண்டாம். ஊனோவில் ஜிஆர்பிஎல் நொடிக்கு 30,000 ஸ்டெப் அளவுக்குத்தான் தரும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவில் மில்லிமீட்டருக்கு 640 ஸ்டெப் என்றால், நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்திலேயே 32,000 கேட்கிறீர்கள். வேகம் கூடக் கூட மோட்டாரின் இழுவையும் குறையும். அதற்குக் கரண்டை ஏற்றுவதால் பெரிய பலனில்லை; டிரைவர் தாங்குமானால் 12 வோல்ட்டை 24 ஆக்குங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஓய்வில் மோட்டாரை விட்டுவிடும் அமைப்பையும் கவனியுங்கள். ஜிஆர்பிஎல்லின் $1 என்ற அமைப்பை 255 என்று வைத்தால் பிடி தளராது. இல்லையென்றால், வெட்டும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எடைக்கு, மேலும் கீழும் நகரும் இசட் அச்சு மெல்ல இறங்கலாம்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும், அச்சு எல்லை சுவிட்சைத் தொட்டதாக லிமிட் அலாரம் அடிக்கிறதா? சுவிட்ச் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், வயரில் நாய்ஸ், அதாவது மின் இரைச்சல் ஏறுகிறது. சுவிட்ச் வயரை ஸ்பிண்டில் வயரிலிருந்து தள்ளி, உலோக உறை உள்ள கேபிளில் கொண்டுபோங்கள். சுவிட்சை எப்போதும் மூடியிருக்கும் முறையில் இணைத்து $5-ஐ 1 ஆக்கினால், வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும்.

எமர்ஜென்சி பட்டனை ஆர்டுயினோவின் பின்னில் மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் பவரையே அது துண்டிக்க வேண்டும்.