வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

கைமாற்றுக் கடன் வழக்குக்காக ஒருவர் என்னிடம் நாற்பது ஸ்கிரீன்ஷாட்டுகளை வண்ண அச்செடுத்துக் கொண்டுவந்தார். “அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் அண்ணே” என்று எதிராளி எழுதியது பளிச்சென்று தெரிந்தது. எந்த ஆண்டின் எந்த மாதம் என்பதுதான் தெரியவில்லை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மேலே இருந்த தேதியை வெட்டிவிட்டிருந்தார். “போன் எங்கே?” என்றேன். எக்சேஞ்சில் கொடுத்தாயிற்றாம்.

அதனால், வக்கீலிடம் வருவதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். செய்திகள் தானாக மறையும் வசதி இயங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். நீங்கள் கோபத்தில் எழுதிய வரிகளையும் அழிக்க வேண்டாம். அவை எதிராளியின் போனில் பத்திரமாக இருக்கும்; குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் ஆசையாக வாசிப்பார்.

2. உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதற்கான வசதி இருக்கிறது. கிடைக்கும் கோப்பில், நீங்கள் போனில் சேமித்த பெயர்தான் வரும், எண் வராது. ‘செங்கல் சூளை அண்ணன்’ என்று சேமித்திருந்தால் அந்த அண்ணன் யார் என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? எண் தெரியும் தொடர்பு விவரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

3. ஹேஷ் மதிப்பை எடுங்கள். கோப்பின் கைரேகை என்று இதைச் சொல்லலாம். கணினியில் செவன் ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் முறையைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் வரும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நகலைத் திறந்து, எங்காவது ஓர் இடைவெளி மட்டும் சேர்த்துச் சேமித்து, மறுபடி எடுத்துப் பாருங்கள். மதிப்பு அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். எழுத்துப் பிழை திருத்துவதற்காகக்கூட மூலக் கோப்பைத் தொடக் கூடாது என்பது ஏன் என்று அப்போது புரியும்.

4. சான்றிதழ். மின்னணு ஆதாரத்தின் நகல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று கையெழுத்திட்டு உறுதியளிக்கும் தாள் இது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைத்தான் பலரும் இன்னும் வாய்தவறிச் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அது பிரிவு 63. அன்வர் வழக்கில் 2014-இலும், அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இலும், நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனையே கொண்டுவந்து, அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்கிறது இரண்டாவது தீர்ப்பு. ஆனால் தினமும் கையில் வேண்டிய போனை நீதிமன்றத்தில் விட்டுவர யாருக்கு மனம் வரும்?

படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் பகுதி நீங்கள் நிரப்புவது: போனின் தயாரிப்பு, மாடல், நிறம், ஐஎம்இஐ எண் (போனுக்கே உரிய அடையாள எண்), ஹேஷ் மதிப்பு, எந்த முறையில் எடுத்தது என்ற விவரம். ஐஎம்இஐ தெரியாவிட்டால் *#06# என்று அழுத்துங்கள். இரண்டாம் பகுதி நிபுணர் நிரப்புவது. பழைய சட்டத்தில் இது கிடையாது. பழைய மாதிரிப் படிவத்தை அப்படியே தட்டச்சு செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆதாரம் பிறரிடம் இருந்தால், உதாரணமாகப் பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு, அன்றைக்கே எழுத்து மூலம் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். கடைக்காரர் சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தரும்படி உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 2020 தீர்ப்பு அதற்கு வழிவிட்டிருக்கிறது. அழிந்துபோன பதிவுக்கு எந்த மனுவும் உதவாது.