களனி வெள்ள வண்டல்: அரிதட்டிலிருந்து எக்செல் வரை

வெள்ளம் வடிந்ததும் களனி கங்கைக் கரையில் ஒரு படை வண்டல் கிடக்கும். அதன் மணிகளின் பருமனையும் படையின் தடிப்பையும் எண்ணாக்கி, கரையிலிருந்து தள்ளிப்போகப் போக என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலை.

1. இடம். கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு பிடித்து 10, 30, 60, 100 மீற்றரில் மண் எடுங்கள். கோடு வெள்ளத் தடுப்பு அணையைத் தாண்டக் கூடாது. அணைக்கு அப்பால் கதையே வேறு. கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் நிரப்பு மண் அதிகம். செங்கல், கொங்கிறீட் துண்டு வந்தால் அந்தக் குழியை விட்டுவிடுங்கள். வெட்டுமுகத்தில் புல் மடிந்து புதைந்து கிடக்கும் கோடு தெரிந்தால், அதற்கு மேலே உள்ளதுதான் புது வண்டல். முதலில் தடிப்பை அளந்து குறியுங்கள்.

2. சலிப்பு. காயவைத்து நிறுத்த மாதிரியை நீரில் ஊறவைத்து, 0.063 மி.மீ. துளையுள்ள அரிதட்டில் (சல்லடையில்) கழுவுங்கள். இல்லாவிட்டால் களிக்கட்டி மணல்போல நடிக்கும். தங்கியதைக் காயவைத்து 2, 1, 0.5, 0.25, 0.125, 0.063 எனச் சலித்து நிறுங்கள். முதல் நிறையில் குறைகிற பங்கு முழுவதும் சேறு, அதாவது 0.063 மி.மீ.ஐ விட நுண்ணியது.

3. ஃபை. இது மணிப் பருமனுக்கான ஓர் அளவுகோல். மி.மீ. அளவுக்கு அடி 2 மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் ஃபை. 0.5 மி.மீ. என்றால் 1, 0.063 என்றால் ஏறத்தாழ 4. எண் கூடக் கூட மண் நுண்மையாகிறது.

4. திரள் சதவீதம். பருமனானதிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு பேச்சுக்கு, 1 ஃபையில் 6, 2இல் 22, 3இல் 52, 4இல் 78 என்று வைப்போம். 50% வரும் புள்ளி, அதாவது இடையம், 2க்கும் 3க்கும் இடையில்: 2 + (50−22)/30 = 2.93. அதாவது 0.13 மி.மீ., நுண்மணல்.

அடுத்து எல்லாரும் ஃபோக், வார்ட் என்ற இருவர் 1957இல் தந்த சராசரிக்குப் போவார்கள்: 16, 50, 84 சதவீதப் புள்ளிகளின் ஃபையைக் கூட்டி மூன்றால் வகுப்பது. நம் கணக்கோ 78உடன் நின்றுவிட்டது. 84 எங்கே? கோட்டைக் கையால் நீட்டி வாசிக்கிறவர்கள் உண்டு; அது ஊகம், அளவீடு அல்ல. பிப்பெட் முறையில் (நீரில் படியும் வேகத்தை வைத்து) சேற்றைப் பிரித்துப் பார்க்க வசதியில்லையென்றால், இடையத்தையும் சேற்றுச் சதவீதத்தையும் மட்டும் எழுதுங்கள். சேறு பாதியைத் தாண்டினால் இடையமும் கிடைக்காது, சதவீதம் போதும்.

5. தூரம். வண்டலின் தடிப்பு பெரும்பாலும் நேர்கோட்டில் குறையாது. கரையோரம் சடாரென்றும் பிறகு மெல்லவும் குறையும். ஆகவே எக்செலில் தடிப்பின் இயல் மடக்கையைத் தூரத்துக்கு எதிரே வரைந்து சரிவைக் காணுங்கள். சரிவு −0.02 என்றால், 0.693/0.02, ஏறக்குறைய 35 மீற்றருக்கு ஒரு தடவை தடிப்பு பாதியாகிறது. தடிப்பு பூச்சியமான குழிக்கு மடக்கை கிடையாது. அதை வரைபில் சேர்க்காமல் அட்டவணையில் காட்டுங்கள்.

நான்கு புள்ளியில் கோடு அழகாகத்தான் விழும். நம்புவதற்கு முன் அதே கரையில் மண் எடுக்கும் கோடுகள் இன்னும் இரண்டாவது பிடித்து, சரிவுகளை ஒப்பிடுங்கள்.