விழக் கற்ற பிறகு மோதட்டும்: குழந்தைகளுக்கு உடல் மோதலை எப்போது, எப்படிக் கற்றுத்தருவது?

"என் மகனுக்கு ஒன்பது வயதாகிறது. பிடித்துத் தள்ளும் ஆட்டத்தில் இப்போதே சேர்க்கலாமா, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் போகட்டுமா?" குழந்தையைப் புதிதாக அழைத்துவரும் பெற்றோரில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். 19 ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்குக் கபடியும் ஜூடோவும் பயிற்றுவிக்கிறேன். ஒரே ஒரு வயதைச் சொல்லி இந்தக் கேள்வியை என்னால் முடிக்க முடியாது. ஏனென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடலோடு உடல் படுவதைக் கற்கத் தொடங்குவது எப்போது என்பது ஒன்று. போட்டியில் முழு வேகத்தில் மோத விடுவது எப்போது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில் 5 அல்லது 6 வயது. இரண்டாவதற்கு, 13 வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம். 15 வரை பொறுத்தால் இன்னும் நல்லது. நடுவில் கிடக்கும் எட்டுப் பத்து ஆண்டுகளில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளனாக என் இரண்டாம் ஆண்டு. பதினொரு வயதுப் பையன்கள் இருவரைப் பத்து அடி இடைவெளியில் நிறுத்தி, ஓடிவந்து ஒருவரை ஒருவர் தடுக்கச் சொன்னேன். ஒருவன் ஒல்லியாக இருந்தான். மற்றவன் அதற்குள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். வயது ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒல்லிப் பையன் பின்னால் சாய்ந்தபோது வலது கையை நீட்டித் தரையில் ஊன்றினான். சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். காறை எலும்பு உடைந்திருந்தது. மாலையில் அவனுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்படி விழ வேண்டும் என்று அவனுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள், மாஸ்டர்?" நான் சொல்லிக்கொடுத்திருக்கவே இல்லை.

"சின்ன வயதிலேயே மோதிப் பழகினால்தான் பின்னால் அடிபடாது" என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைக் கனடாவில் ஐஸ் ஹாக்கியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே 11, 12 வயதுப் பிரிவில் ஆல்பர்ட்டா மாகாணம் உடலால் மோதித் தடுப்பதை அனுமதித்திருந்தது; கியூபெக் மாகாணம் அனுமதிக்கவில்லை. 2,000க்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், மோதலை அனுமதித்த மாகாணத்தில் காயமும் மூளை அதிர்ச்சியும் (அடிபட்டு மூளை குலுங்குவது) மூன்று மடங்குக்கு மேல் இருந்தன. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் 13, 14 வயதுக்காரர்களைப் பார்த்தார்கள். அந்த வயதில் அப்போது இரு மாகாணங்களிலும் மோதலுக்கு அனுமதி இருந்தது. முன்பே மோதிப் பழகியவர்களுக்கும் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் மொத்தக் காயங்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டு விலக்கும் காயங்கள் மட்டும் புதியவர்களிடம் சற்று அதிகமாகவே இருந்தன.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிறு வயதில் மோத விட்டால் அப்போதே அடி விழுகிறது. எதையும் கற்றுத்தராமல் 13 வயதில் திடீரென்று களத்தில் இறக்கினால் அப்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. எனவே திறமையைச் சின்ன வயதிலிருந்தே பயிற்சியில் ஊட்டுங்கள், மோதலைத் தள்ளிப்போடுங்கள். அமெரிக்க ஐஸ் ஹாக்கி அமைப்பு 2011இல் செய்ததும் இதுதான். போட்டியில் மோதித் தடுக்கும் வயதை 13க்கு உயர்த்தியது; அதற்கான உடல் நுணுக்கங்களைச் சிறு வயதுப் பயிற்சியிலேயே தொடங்கச் சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 15 வயது வரை பொறுக்கச் சொல்கிறது. இங்கிலாந்தின் ரக்பியில் ஏழு, எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறிப்பதோடு சரி. பிடித்து வீழ்த்துவது ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குகிறது.

குழந்தை சின்ன அளவில் செய்த பெரியவர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உடலோடு ஒப்பிட்டால் அதன் தலை பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசை மெலிந்தது. எலும்பின் முனைகளில் வளர்ச்சி நடக்கும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது.

விழுதல்: 5 வயதிலிருந்து

எங்கள் விரிப்பில் முதல் ஆறு மாதம் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. விழுகிறார்கள், அவ்வளவுதான். ஜூடோவில் எறியக் கற்கும் முன் விழக் கற்பார்கள். அதற்கு உகெமி என்று பெயர். கபடியோ கால்பந்தோ கூடைப்பந்தோ, எந்த ஆட்டத்துக்குப் போகும் குழந்தைக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஒரு ஜோடிக் காலுறையைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளுங்கள். அதைக் குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தை குந்தி உட்கார வேண்டும். முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் உருள வேண்டும். முதுகு தரையைத் தொடும் நொடியில் இரண்டு கைகளும் உள்ளங்கை கீழாகத் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். கைகள் உடலோடு ஒட்டவும் கூடாது, தோள் உயரத்துக்குப் போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும். காலுறைப் பந்து விழவே கூடாது. விழுந்தால் தாடை மேலே போய்விட்டது என்று பொருள். தாடை மேலே போனால் பின்மண்டை தரையில் அடிக்கும்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்தப் பந்து நான்கு முறை உருண்டு ஓடியது. நான்கு முறையும் நான் "தாடை, தாடை" என்று கத்தினேன், பயனில்லை. ஐந்தாவது முறை குனிந்து அவள் கண்ணைப் பார்த்தேன். உருளும்போதெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பாராட்டுகிறேனா என்று. "என்னைப் பார்க்காதே, கண்ணு. உன் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்" என்றேன். முடிச்சைப் பார்த்தாள், தாடை தானாக இறங்கியது, பந்து நின்றது. அன்றிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் சொல்லே முடிச்சுதான். கச்சை இல்லாத ஆட்டத்தில் தொப்புளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து முறை தொடர்ந்து பந்து விழாமல் உருண்டால் அடுத்த படி: பாதி எழுந்த நிலையிலிருந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து, பிறகு பக்கவாட்டில், கடைசியாகத் தோளின் மேல் முன்னோக்கி. ஒன்று கைவராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். கையை நீட்டி ஊன்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அது போக மாதக்கணக்கில் ஆகும். என்னிடம் 16 வயதில் மாநிலப் போட்டிக்குப் போகிறவர்களும் தினமும் முதல் ஐந்து நிமிடம் விழுந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறார்கள்.

தொடுதல்: 6 முதல் 8 வரை

இந்த வயதில் ஓடிப்பிடிப்பதும், இடுப்பு நாடா பறிப்பதும், முதுகோடு முதுகு சாய்த்து இருவரும் ஒன்றாக எழுந்து நிற்பதும் போதும். குந்தியிருந்து உள்ளங்கையால் மட்டும் தள்ளிச் சமநிலை குலைக்கும் விளையாட்டு குழந்தைகளுக்கு உயிர். சிரித்துக்கொண்டே இடுப்பைத் தாழ்த்தக் கற்றுக்கொள்வார்கள்.

இதே சமயத்தில் இன்னொன்றையும் கற்றுத்தர வேண்டும். பிடிபட்டவர் எதிராளியின் உடலிலோ தரையிலோ இரண்டு முறை தட்டினால், பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது. இதை மீறினால் அன்றைய பயிற்சியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். வேறு எந்தத் தவறுக்கும் நான் இவ்வளவு கடுமை காட்டுவதில்லை. தன் "போதும்" மதிக்கப்படும் என்று தெரிந்த குழந்தைதான் தைரியமாகப் பிடிக்கும், பிடிபடும்.

பிடித்தல்: 8 முதல் 12 வரை

முதலில் இருவரும் முழங்காலில் நிற்கட்டும். விழும் உயரம் பாதியாகிவிடும், ஓட்டமும் இருக்காது. பிறகு நடந்து வருபவரைப் பிடிப்பது. பிறகு மெல்ல ஓடி வருபவரை. இடைவெளி இரண்டு எட்டு வைக்கும் தூரத்துக்கு மேல் கூடாது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது; பத்து அடி ஓடவிட்ட அன்று நான் மறந்த கணக்கு அது.

பிடியில் முதலில் பார்க்க வேண்டியது கை அல்ல, தலை. தலை எதிராளியின் உடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், முன்னால் இருக்கக்கூடாது. இடுப்பைப் பிடித்தால் கன்னம் இடுப்பின் ஓரத்தில் ஒட்டட்டும். கபடியில் தொடைப் பிடி போடும்போது, பாடி வருபவரின் முழங்கால் மடங்கி வரும் பாதையில் முகம் இருக்கவே கூடாது. கண் திறந்திருக்க வேண்டும். தலை கவிழ்ந்து உச்சந்தலை முன்னால் வந்தால் உடனே நிறுத்துங்கள். கழுத்தெலும்பில் காயம் படும் நிலை அது. கணுக்கால் பிடியை நான் 12க்கு முன் தொடங்குவதில்லை. குனிந்த முகத்துக்கு நேரே உதைக்கும் கால் இருக்கிறது. தப்பினால் பல் போகும்.

கால்பந்தில் தலையால் முட்டுவதும் இந்த வகைதான். அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015இல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடை செய்தது; 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு வைத்தது.

ஜோடி சேர்ப்பது வயதால் அல்ல, உடலால். நான் மாதத்தின் முதல் நாள் எல்லோரையும் எடை பார்த்து, உயரம் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பிடிப் பயிற்சிக்கு எடையில் நான்கைந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களை எதிரெதிராக நிறுத்துவதில்லை. இங்கிலாந்தின் பெரிய கால்பந்து அகாடமிகளும் பிறந்த ஆண்டை விட்டு, உடல் முதிர்ச்சியைப் பார்த்துக் குழு பிரிக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன.

மோதல்: 13க்குப் பிறகு, ஆனால் நோட்டைப் பார்த்து

பெண் குழந்தைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் குழந்தைகள் 14 வயதிலும் வேகமாக உயர்கிறார்கள். அந்த ஓரிரு ஆண்டுகளில் நேற்று நன்றாக விழுந்தவன் இன்று தடுமாறுவான். கால் நீண்டுவிட்டது, மூளைக்கு அது இன்னும் பழகவில்லை. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி என்பான். சோம்பல் என்று நினைத்து விரட்டாதீர்கள். நோட்டில் மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் நான் மோதலைக் குறைத்து, விழுதலையும் சமநிலையையும் மறுபடி தொடங்குகிறேன். சிலருக்கு முழு வேகம் 15இல்தான் வருகிறது. அதனால் அவர்கள் எதையும் இழந்ததாக நான் பார்த்ததில்லை.

தலையில் அடிபட்டால்

இதில் மட்டும் பேரம் கிடையாது. அடிபட்ட பிள்ளை பதில் சொல்லத் திணறினால், தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால், வெளிச்சத்தைக் கண்டு கண்ணைச் சுருக்கினால், அன்று ஆட்டம் முடிந்தது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நினைவு தப்புவதே இல்லை. "யாரோடு ஆடுகிறோம்? கடைசிப் புள்ளி யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் உட்கார வையுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்தல், தலைவலி ஏறிக்கொண்டே போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது என்றால் உதவி வரும்வரை அசைக்காதீர்கள்.

பிறகு ஓரிரு நாள் ஓய்வு, மெல்ல நடை, படிப்பு, அதன் பிறகே ஓட்டம். மருத்துவர் சம்மதித்த பின்புதான் யாரையாவது தொட வேண்டும். தலைக்கவசம் மண்டை ஓட்டைக் காக்கும், பல்லுறை பல்லைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை இரண்டாலும் நிறுத்த முடியாது. கவசம் போட்ட தைரியத்தில் தலையை முன்னால் நீட்டும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு: சேர்க்கும் முன் ஒரு நாள் பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் விழப் பழகுகிறார்களா, ஜோடிகள் ஒத்த உடலாக இருக்கிறார்களா, தட்டியதும் விடுகிறார்களா என்று கவனியுங்கள். பிறகு பயிற்சியாளரிடம் போய், கடைசியாகத் தலையில் அடிபட்ட பிள்ளை எத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்தது என்று கேளுங்கள். "அடுத்த நாளே வந்துவிட்டான், தைரியசாலி" என்று பதில் வந்தால், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.